நின்றுபோனதை அடிக்காதீர்கள்

வேதபகுதி: எண்ணாகமம் 22:21-35, 1 இராஜாக்கள் 19:1-18



 

நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று இன்று காலையில் நின்றுபோனால் நாம் முதலில் செய்வது என்ன? தண்ணீர் மோட்டாரானால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறோம். படிக்கிற பிள்ளையானால் அதட்டுகிறோம். வாரந்தவறாமல் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த ஒருவரானால், "பின்மாறிப் போய்விட்டார்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறோம். ஏன் நின்றது என்று கேட்பதற்கு முன்பே நம் கை ஓங்கிவிடுகிறது.

பிலேயாமின் கை அப்படித்தான் ஓங்கியது. மோவாபின் பிரபுக்களோடு அவன் புறப்பட்டுப் போகிறான். அவன் ஏறியிருந்த கழுதை முதலில் வழியை விட்டு வயலுக்குள் விலகுகிறது, அடிக்கிறான். இருபுறமும் சுவர் வைத்த திராட்சத்தோட்டப் பாதையில் சுவரோடு ஒட்டி, அவன் காலை நெருக்கிவிடுகிறது, மறுபடியும் அடிக்கிறான். மூன்றாவது முறை, வலதுபுறமோ இடதுபுறமோ விலக வழியில்லாத இடுக்கமான இடத்தில், அது அவனைச் சுமந்தபடியே படுத்துவிடுகிறது; கோபம் மூண்டு கோலால் அடிக்கிறான். உருவின பட்டயத்தோடு எதிரே நின்ற கர்த்தருடைய தூதனை அந்த மிருகம் கண்டது. தீர்க்கதரிசி என்று பேர்பெற்றவன் காணவில்லை. வாய் திறக்கப்பட்டபோது அந்தக் கழுதை கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். இத்தனை காலம் உம்மைச் சுமந்தேனே, எப்போதாவது இப்படிச் செய்த வழக்கம் எனக்கு உண்டா என்பதே அதன் கருத்து. பிலேயாமால் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அந்தக் கேள்வியை நான் சமீபத்தில் ஒரு பட்டறையில் வேறுவிதமாகக் கேட்டேன். சம்பந்தப்பட்ட மூவருடைய சம்மதத்தோடு, அவர்கள் பெயரைத் தவிர்த்து, அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று கோயம்புத்தூரின் பல பகுதிகளில் வீட்டின் பின்கட்டிலும் சந்தின் முனையிலும் லேத் பட்டறைகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நம் சபைக் குடும்பங்களில் பலவற்றின் அடுப்பு எரிவதும் அவற்றால்தான். அப்படிப்பட்ட ஒரு பட்டறையின் உரிமையாளர் நம் சபையின் சகோதரர். பம்பு செட்டுகளுக்கான தண்டுகளைக் கடைந்து கொடுக்கிற ஜாப் வொர்க் அவருடைய தொழில். அவரிடம் இருந்த ஒரே சி.என்.சி. லேத் ஒருநாள் காலையில் நின்றுபோயிற்று. அடுத்த நாள் அனுப்ப வேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது. வந்து ஜெபிக்கும்படி என்னை அழைத்தார், போனேன்.

பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். சி.என்.சி. லேத்தில், சக் என்னும் பிடிப்பான் இரும்புத் தண்டைப் பிடித்துச் சுழற்றும். வெட்டும் உளிகளைத் தாங்கிய டரெட், தண்டின் நீளவாக்கில் போவதை இசட் அச்சு என்பார்கள். தண்டின் மையத்தை நோக்கி நெருங்குவதும் விலகுவதும் எக்ஸ் அச்சு. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சர்வோ மோட்டார் உண்டு. மோட்டார் சுழல, பால் ஸ்க்ரூ என்னும் திருகு சுழல, டரெட் நகரும். மோட்டாரின் பின்புறத்தில் என்கோடர் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. தான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அது இடைவிடாமல் கணினிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். போகச்சொன்ன இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு மீறினால், இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்தி அலாரம் காட்டிவிடும். அப்படி நிற்பது பிடிவாதம் அன்று, பாதுகாப்பு. நிற்காமல் ஓடினால் உளி உடையும், திருகு வளையும், நிற்கிற மனிதனுக்கும் ஆபத்து.

அந்த லேத்தில் நின்றுபோனது எக்ஸ் அச்சு. நகரும்படி கட்டளை கொடுத்தால் மோட்டார் முனகும், திரையில் சுமை அளவு நூறு சதவீதத்தைத் தாண்டி ஏறும், பிறகு அலாரம். அணைத்துப் போட்டாலும் அதே கதை. உரிமையாளர் தம் முடிவுக்கு ஏற்கெனவே வந்திருந்தார். இரவு ஷிப்டில் நின்ற இளைஞன் டரெட்டை எங்கோ இடித்துவிட்டான், அதனால் மோட்டார் இறுகிவிட்டது என்பது அவருடைய தீர்ப்பு. அவனும் நம் சபைப் பிள்ளைதான். தான் இடிக்கவில்லை என்று அவன் சொன்னது ஏற்கப்படவில்லை. அந்த மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாடகைக்கு அந்தச் சம்பளத்தையே நம்பியிருந்தாள் அவனுடைய தாய். புதிய மோட்டாருக்கு விலையும் விசாரித்தாயிற்று. அது அந்தச் சிறு பட்டறை தாங்கக்கூடிய தொகை அன்று.

ஜெபித்து முடித்தபின் நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அந்தத் தம்பி உங்களிடம் எத்தனை வருஷமாக வேலை செய்கிறான்?" நான்கு வருஷம் என்றார். "இதற்கு முன் எப்போதாவது எதையாவது மறைத்திருக்கிறானா?" அவர் பதில் சொல்லவில்லை. நம் சபையில் இயந்திரப் பராமரிப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற மூப்பர் ஒருவர் உண்டு. அவரை அழைப்போம் என்றேன்.

மூப்பர் வந்தார். யார் கெடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. "இரவில் மெஷின் பக்கத்தில் நின்றது யார்? அவனைக் கூப்பிடுங்கள்" என்றார். தயக்கத்தோடு ஆள் அனுப்பப்பட்டது. அந்த இளைஞன் வந்து வாசலிலேயே நின்றான். மூப்பர் அவனை அருகில் அழைத்து, "தம்பி, இது எந்த இடத்தில் நிற்கிறது?" என்று கேட்டார்.

"சக்கிற்குப் பக்கத்தில் வரும்போதுதான் நிற்கிறது ஐயா. வலது ஓரத்தில் இருந்தால் சில நேரம் நகர்கிறது. இரண்டு வாரமாகவே இடையிடையே இப்படி ஆகிறது."

"முதலாளியிடம் சொன்னாயா?"

"சொன்னேன் ஐயா. வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார்."

உரிமையாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பின் மூப்பர் செய்ததை நான் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினார். டிரைவுக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை சில நிமிடம் காத்திருந்தார். படுக்கை சாய்வாக அமைந்த லேத் அது. ஆகவே டரெட் சறுக்கி விழாதபடி முதலில் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்தார். உறையைக் கழற்றி, இரும்புச் சீவல் எங்காவது அடைத்திருக்கிறதா, எண்ணெய் வழித்தடங்களுக்கு வருகிறதா என்று பார்த்தார், அங்கே குறையில்லை. பிறகு மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கைத் தளர்த்தி, திருகைக் கையால் சுற்றினார். இடறலில்லாமல் சுற்றிற்று. மோட்டாரின் தண்டைச் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை.

"நான் சொன்னேனே, மோட்டார் இறுகிவிட்டது" என்றார் உரிமையாளர்.

மூப்பர் மெல்லச் சிரித்தார். "இந்த மோட்டாருக்கு உள்ளேயே ஒரு பிரேக் இருக்கிறது தம்பி. கரண்ட் இல்லாதபோது இது இறுகித்தான் இருக்க வேண்டும். இறுகாவிட்டால்தான் கோளாறு" என்றார்.

அன்பானவர்களே, அந்தப் பிரேக்கின் அமைப்பைக் கேட்டு நான் வியந்தேன். மின்சாரம் வந்தால் பிடிப்பது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது நேர்மாறானது. வில்சுருள்கள் எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. 24 வோல்ட் மின்சாரம் வந்து சேரும்போது மட்டும் ஒரு காந்தச் சுருள் அந்தப் பிடியை விலக்குகிறது. அப்போதுதான் தண்டு சுழலும். மின்சாரம் நின்றால் அடுத்த கணமே பிடித்துக்கொள்ளும். நடுவேலையில் மின்சாரம் போனால் கனமான டரெட் சரிந்து விழாதபடி, செய்தவன் அதை அப்படிச் செய்து வைத்திருக்கிறான்.

மூப்பர் தனியாக ஒரு 24 வோல்ட் இணைப்பை அந்தப் பிரேக்குக்குக் கொடுத்தார். டக் என்று ஒரு சிறு ஓசை கேட்டது. தண்டு விரலுக்கே சுழன்றது. மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. தன் பிரேக்கையே எதிர்த்துப் போராடி அது இத்தனை நேரம் முனகியிருக்கிறது.

அப்படியானால் 24 வோல்ட் ஏன் வந்து சேரவில்லை? மின்பெட்டியில் மல்டிமீட்டரை வைத்தால் 24 சரியாகக் காட்டியது. மோட்டார் முனையில் வைத்தால், வண்டி வலது ஓரத்தில் நிற்கும்போது 24. சக்கின் பக்கம் வந்தால் ஒன்றுமில்லை. அந்த இளைஞன் சொன்னது எழுத்துக்கு எழுத்து மெய்யாயிற்று. மின்பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே, வண்டி போகும்போதெல்லாம் மடிந்து நிமிர்கிற கேபிள் சங்கிலி இருக்கிறது. அதற்குள் ஓடிய கம்பி ஒன்று உள்ளே அறுந்திருந்தது. மேலுறை முழுமையாகவே இருந்தது, கீறல்கூட இல்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை வளைந்து வளைந்து, உள்ளிருந்த செம்பிழைகள் ஒவ்வொன்றாக முறிந்துவிட்டன. சிலவேளை முனைகள் ஒன்றையொன்று தொட்டன, சிலவேளை விலகின.

புதிய கேபிள் ஒன்றைப் போட்டு, மாலைக்குள் இயந்திரம் ஓடிற்று. மோட்டார் வாங்கவில்லை. ஆனால் அன்று பழுதுபார்க்கப்பட வேண்டியது இயந்திரம் மட்டுமன்று என்பது அங்கிருந்த நால்வருக்கும் தெரிந்திருந்தது.

பிரியமானவர்களே, இந்த நிகழ்ச்சியை மனதில் வைத்துக்கொண்டு எலியாவிடம் வாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அத்தனை வல்லமையாய் நின்ற மனிதன், யேசபேலின் ஒரு செய்தியால் நின்றுபோகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டுகிறான். நாம் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்டிருப்போம். தேவன் என்ன செய்தார்? அவனைத் தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தொட்டெழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் போஜனம் கொடுத்தார். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்கு வந்து சேர்ந்த பிறகே, இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்டார். சகலத்தையும் அறிந்தவர், ஆயினும் அவன் வாயால் சொல்லும்படி இருமுறை கேட்டார். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம்பண்ணும்படி திரும்ப அனுப்பினார். நின்றுபோனவனை அவர் வேலையிலிருந்து தள்ளவில்லை.

நம் நடுவிலும் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த சகோதரி இப்போது பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்கிறாள். தேர்வில் தோற்ற வாலிபன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். துணையை இழந்த தகப்பன் ஜெபிக்க முழங்காற்படியிட்டும் வார்த்தை வராமல் எழுந்துவிடுகிறார். தொட்டுப் பார்க்கிற நமக்கு அவர்கள் இறுகிப்போனதாகத் தோன்றுகிறது. இருதயம் கடினப்பட்டது என்கிறோம். ஒருவேளை அது கடினமல்லாமல் இருக்கலாம். விழுந்து நொறுங்கிவிடாதபடி உள்ளே ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிடியை விலக்கவேண்டிய ஆறுதல் இன்னும் அவர்களிடம் வந்து சேராமல் இருக்கலாம். அந்நிலையில் நாம் மேலும் மேலும் தள்ளினால், அவர்கள் முனகலும் சுமையும்தான் ஏறும்.

மேடையில் வசனம் நிறைவாகப் பிரசங்கிக்கப்படுகிறது, பாடல்கள் ஒலிக்கின்றன, ஜெபங்கள் ஏறெடுக்கப்படுகின்றன. மின்பெட்டியில் 24 வோல்ட் இருக்கிறது. ஆனால் அளக்கவேண்டிய இடம் அதுவன்று. கடைசி வரிசையில் இருக்கிற அந்த ஒருவரிடம் அது எட்டுகிறதா என்பதே கேள்வி. நடுவே இருக்கிற கம்பி யார்? நீங்களும் நானுந்தான்.

இன்னொரு சொல், அந்தக் கேபிளைப் போல இருக்கிறவர்களுக்கு. அதிகாலை எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் போய், படுக்கையில் கிடக்கிற மாமியாரையும் கவனித்து, இரவில் கடைசியாகப் படுக்கிற தாய்மார்களே, எல்லாருக்காகவும் வளைந்து வளைந்து கொடுக்கிறவர்களே, உங்கள் மேலுறையில் கீறல் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "நன்றாயிருக்கிறேன் ஐயா" என்று நீங்கள் என்னிடமும் சொல்லிவிடுகிறீர்கள். முற்றும் அறுந்துபோகும்வரை காத்திராதேயுங்கள். அந்த இளைஞன் இரண்டு வாரத்துக்கு முன்னமே சொன்னதுபோல நீங்களும் சொல்லுங்கள். கேட்கிற இடத்தில் இருக்கிறவர்களே, "வேலையைப் பார்" என்று சொல்லிவிடாதேயுங்கள்.

மோட்டாரே கெட்டுப்போகிற நாளும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. பாவம் பாவந்தான். நாத்தான் தாவீதிடம் போய் உண்மையை நேருக்கு நேர் சொல்லவேண்டியிருந்தது. சோதித்தபின் குற்றம் தெரியவந்தால் மனந்திரும்புதலைத் தவிர வேறு மருந்து இல்லை. ஆயினும் சோதனை முந்த வேண்டும், தீர்ப்பு பிந்த வேண்டும். யோபின் சிநேகிதர் அந்த வரிசையை மாற்றினார்கள்; தேவனைக்குறித்து நிதானமாய்ப் பேசாததால் கர்த்தருடைய கோபத்துக்கும் ஆளானார்கள். யாருக்கு எதிராகப் பேசினார்களோ அவன் ஜெபத்தினாலேயே அவர்களுக்கு மன்னிப்பும் வந்தது.

பட்டறையில் அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் மற்ற தொழிலாளிகள் கேட்கும்படி அந்த இளைஞனிடம் மன்னிப்புக் கேட்டார். நிறுத்திவைத்த சம்பளத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான், மறுநாள் வேலைக்கும் வந்தான். ஆனால் வெகுநாள்வரை அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் அதைக் குறித்து மனம் வருந்தி மூப்பரிடம் சொன்னாராம். "கேபிள் மாற்றியவுடனே முழு வேகத்தில் வேலையை ஏற்றினோமா? மூலஸ்தானத்தைச் சரிபார்த்து, தண்டு மாட்டாமல், மெல்ல வெறுமனே ஓட்டிப் பார்த்துத்தானே ஏற்றினோம். பொறுத்திருங்கள்" என்றாராம் மூப்பர். மன்னிப்புக் கேட்பது ஒரு மாலையில் முடிந்துவிடலாம். நம்பிக்கை திரும்ப வருவதற்கு நாள் ஆகும். அந்த நாட்களைப் பொறுமையோடு சுமப்பதும் மனந்திரும்புதலின் கனிதான். இப்போது அவ்விருவரும் மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாக உண்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தேவனுடைய பிள்ளைகளே, இந்த வாரம் உங்கள் வீட்டிலாவது சபையிலாவது நின்றுபோயிருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைக் குறித்துப் பிறரிடம் பேசாமல், அவரிடமே போங்கள். புத்திமதியோடு போகவேண்டாம், முடிந்தால் உணவோடு போங்கள். "எங்கே வரும்போது உங்களால் நகர முடியாமல் போகிறது?" என்று கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள். ஒருவேளை நீங்கள் அவர்மேல் சுமத்திய குற்றம் தவறென்று தெரியவந்தால், யார் முன்பாகச் சுமத்தினீர்களோ அவர்கள் முன்பாகவே அதை எடுத்துப்போடுங்கள்.

ஜெபிப்போம்.

எங்களை உருவாக்கின தேவனே, எங்கள் உள்ளத்தின் அமைப்பை அறிந்தவர் நீர் ஒருவரே. நின்றுபோனவர்களை நாங்கள் அடித்த அடிகளை எங்களுக்கு மன்னியும். சோர்ந்து சூரைச்செடியின் கீழ் கிடக்கிறவர்களை உம்முடைய கரத்தால் தொட்டெழுப்பும். உள்ளே முறிந்தும் வெளியே சிரிக்கிறவர்களுக்குப் பேசுகிற தைரியத்தையும், எங்களுக்குக் கேட்கிற காதையும் தாரும். உம்முடைய ஆறுதல் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்படி எங்களை அறுபடாத கம்பிகளாக வைத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய கிருபை உங்களோடிருப்பதாக.